'ஆன் டைம்' - 'இன் டைம்'

பத்தாம் வகுப்பில் பயிலும் மாணவி ஒருத்தி அண்மையில் நம்மிடம் வந்து, "சுவாமி, ஆங்கிலத்தில் 'ஆன் டைம்', 'இன் டைம்' என இரண்டு வழங்குகின்றனவே. இரண்டிற்கும் 'நேரத்திற்கு' என்பதுதானே பொருள்?" என வினவினாள்.

நம் முதுநகரின் துறைமுகச் சந்திப்பு இரயில் நிலையத்தையே அவளுக்குச் சான்றாகக் காட்டினோம். கால அட்டவணையில் குறித்த மணிக்கே வண்டி வந்து நின்றால், அது 'ஆன் டைம்'. வண்டி புறப்படுமுன் பயணி நடைமேடையை அடைந்துவிட்டால், அவர் வந்தது 'இன் டைம்'. முன்னதைக் 'குறித்த நேரத்தில்' என்றும், பின்னதைக் 'காலம் கடக்குமுன்' என்றும் தமிழில் கூறலாம். தேர்வு பத்து மணிக்குத் தொடங்குவது முன்னது. இறுதி மணி ஒலிக்குமுன் விடை எழுதி முடிப்பது பின்னது.

இவ்வேறுபாடு வெறும் இலக்கணமன்று என்பதை நம் கடற்கரை நன்கறியும். 2004 திசம்பர் 26, கிறிஸ்து பிறப்பு விழாவிற்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. சுமத்திரா அருகே கடலடி நிலம் அதிர்ந்தபோது நம் நாட்டில் காலை 6.29 மணி. ஆழிப்பேரலை நம் கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆயிற்று. கரையை விட்டு மேட்டுநிலம் செல்ல அது போதிய நேரமே. ஆயினும், எச்சரிக்கை காலம் கடக்குமுன் வந்து சேரவில்லை. தேவனாம்பட்டினம் முதலான கரையோர ஊர்களில், நம் கடலூர் மாவட்டத்தில் மட்டும், 600-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பின்னர் 2007 அக்டோபரில் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் தொடங்கப்பெற்றது. நிலநடுக்கத்தை உணர்ந்த சில நிமிடங்களிலேயே செய்தி அனுப்புவது அதன் பணி. இனி வருவோருக்கு அது காவல். மாண்டவர்களுக்கோ அது காலம் கடந்த உதவி.

'இன் டைம்' என்பதற்குக் 'காலப்போக்கில்' என்ற மற்றொரு பொருளும் உண்டு. 'காயம் காலப்போக்கில் ஆறும்' என்னுமிடத்தில் அது பொருந்தும். ஆனால் நம்மில் பலர், முதற்பொருளில் செய்யவேண்டிய கடமையை இவ்விரண்டாம் பொருளில் ஒளித்துவைக்கிறோம். பாகத் தகராற்றினால் பேச்சு நின்றுபோன தமையனைப் பற்றிக் கேட்டால், "காலப்போக்கில் எல்லாம் சரியாகும், சுவாமி" என்கிறோம். ஊரில் தனித்திருக்கும் அன்னையைக் காண, "அடுத்த விடுமுறையில் போகலாம்" என்கிறோம். பின்னர் அடக்கச் சடங்கிற்கு மட்டும் தவறாது, குறித்த நேரத்தில் வந்து நிற்கிறோம்!

மாணவி தன் ஐயம் தீர்ந்து சென்றாள். நாமோ, பல மாதங்களாக விடையெழுதாது வைத்திருந்த ஒரு முதிய நண்பரின் மடலை அன்றிரவே எடுத்து எழுத அமர்ந்தோம். உங்கள் இல்லத்திலும் அத்தகைய மடலொன்று காத்திருக்கக்கூடும். காலம் கடக்குமுன் எழுதிவிடுங்கள்.