சுவத்துல மாட்டலாம், சுடக் கூடாதா?

இன்னிக்குக் கொஞ்சம் சூடாவே ஆரம்பிக்கிறேன்.

துப்பாக்கின்னு வாயெடுத்தாலே ரெண்டு கோஷ்டி கிளம்பிடுது. ஒண்ணு, "அமெரிக்கா மாதிரி வீட்டுக்கு ஒண்ணு வேணும்" கோஷ்டி. இன்னொண்ணு, "துப்பாக்கியா, ஐயோ!" கோஷ்டி. ரெண்டு பேருமே எனக்கு ஆகாது. நான் பேசப் போறது நூறு வருஷத்துக்கு மேல வயசான, ஒரு தடவைக்கு ஒரே ஒரு தோட்டா போடுற ரைபிள்களைப் பத்தி.

மார்ட்டினி-ஹென்றி கேள்விப்பட்டிருப்பீங்க. 1871ல பிரிட்டிஷ் ராணுவத்துக்கு வந்தது. அடியில இருக்கிற லிவரைக் கீழே தள்ளினா கதவு மாதிரி ஒரு இரும்புக்கட்டை இறங்கும். தோட்டாவை வெச்சு லிவரை மேல தூக்கினா மூடிக்கும். அவ்ளோதான் மேட்டர். மேகசின் கிடையாது. இதோட தம்பி ஒண்ணு உண்டு: ஆஸ்திரேலியாவில் கேடட் பசங்க பயிற்சிக்காக இங்கிலாந்தின் பி.எஸ்.ஏ.வும் கிரீனரும் செஞ்ச .310 மார்ட்டினி கேடட். பிற்பாடு அதெல்லாம் பழைய சரக்கா விலைக்கு வந்தப்போ, அமெரிக்காவில் நிறைய பேர் வாங்கி .357, .38 மாதிரி ரிவால்வர் தோட்டாவுக்கு மாத்திக்கிட்டாங்க. ஏன் ரிவால்வர் தோட்டா? பழைய தோட்டா சுலபத்துல கிடைக்காது, இது கிடைக்கும். அடியில விளிம்பு இருக்கிறதால மார்ட்டினி அதை ஒழுங்கா இழுத்து வெளியே போடும்.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் பொழுதுபோக்குப்பா"ன்னு சொல்றவங்களுக்கு ஒரு சேதி. துப்பாக்கியை மாத்தியமைக்கிற வேலை நம்ம நாட்டுக்குப் புதுசில்ல. நம்ம போலீஸ்காரர் தோள்ல ரொம்ப காலம் தொங்கின .410 மஸ்கட் எது தெரியுமா? .303 லீ-என்ஃபீல்டேதான். வெள்ளைக்காரன் காலத்துல இச்சாபூர் ஃபேக்டரியில் அதோட குழலைக் குடைஞ்சு வழவழன்னு ஆக்கி, மேகசின் இடத்துல மரக்கட்டையைச் செருகி, ஒத்தத் தோட்டா துப்பாக்கியா இறக்கினாங்க. நேட்டிவ் போலீஸ் கையில முழு பலம் இருக்கக் கூடாதுங்கிற நினைப்பு. பயத்துக்காக மாத்தலாம், ஆர்வத்துக்காக மாத்தக் கூடாதா?

இப்ப சட்டத்துக்கு வருவோம். 2020 பிப்ரவரியில் உள்துறை அமைச்சகம் ஒரு நல்ல காரியம் செஞ்சது. 'கியூரியோ', அதாவது பழம்பொருள் வகையில வர்ற துப்பாக்கியை வாங்கவும் வெச்சிருக்கவும் இந்தியக் குடிமகனுக்கு லைசென்ஸ் வேண்டாம். ஆனா சுடணும், வெளியே எடுத்துட்டுப் போகணும்னா லைசென்ஸ் வேணும். அந்த அனுமதி இல்லைன்னா தோட்டாவும் விற்க மாட்டாங்க. சரி, நியாயம்தான்.

அதுக்கப்புறம்தான் காமெடி. லைசென்ஸே வாங்கிட்டாலும் மார்ட்டினி-ஹென்றியோட தோட்டா நம்ம கடையில கிடைக்காது. வேற தோட்டாவுக்கு மாத்தலாம்னா, 2019 திருத்தத்துக்கு அப்புறம் ஒரு வகைத் துப்பாக்கியை இன்னொரு வகையா லைசென்ஸ் இல்லாம மாத்துறது ஆயுதச் சட்டம் 6வது பிரிவுப்படி குற்றம். தண்டனை 7 வருஷத்துல ஆரம்பிச்சு ஆயுள் வரைக்கும். சரி, எந்த ரிவால்வர் தோட்டாவுக்கு? .380, .455 ரெண்டும் ராணுவத் தோட்டா. அதைச் சுடுற ரிவால்வர், பிஸ்டல், கார்பைன் எல்லாமே தடை செஞ்ச வகை. மிச்சம் இருக்கிறதுல நம்ம நாட்டுலயே தயாராகுறது .32.

நம்ம பாஷையில சொன்னா இது டெட்லாக். ஏ முடியணும்னா பி வேணும், பி வேணும்னா ஏ முடியணும். புரோகிராம் தொங்கிக்கிட்டே நிக்குது.

சிவிலியன் ரைபிள்னு லைசென்சுக்குக் கிடைக்கிற .315ஐ எடுத்துக்குங்க. பலத்துல .303க்குக் கிட்டத்தட்ட சமம். .303 குண்டு குழலை விட்டு வெளியேறும்போது ஆற்றல் ஏறக்குறைய 3,000 ஜூல். .32 ரிவால்வர் தோட்டாவுக்கு சுமார் 200 ஜூல். பதினஞ்சுல ஒரு பங்கு! பலமானதுக்கு வழி இருக்கு, பலவீனமானதுக்கு வழி இல்ல. என்ன லாஜிக்கோ, என்னமோ போங்க.

"எந்த ஊர்ல உக்காந்துக்கிட்டு இதைப் பேசுறே?"ன்னு கேப்பீங்க. கேக்கணும். நம்ம ஊர் சித்தன்னவாசல். பக்கத்துல நார்த்தாமலை. அங்கே பசுமலைப்பட்டி சுடுதளத்துல 2021 டிசம்பர் 30ஆம் தேதி படையினர் பயிற்சி நடந்தப்போ, ஒரு கிலோமீட்டருக்கும் மேல தள்ளி தாத்தா வீட்ல இருந்த 11 வயசுப் பையன் தலையில குண்டு பாய்ஞ்சது. 2022 ஜனவரி 3ஆம் தேதி அந்தப் புள்ள செத்துப் போச்சு. இந்தப் பக்கத்துல யாரும் இதை மறக்கல. மறக்கவும் கூடாது.

ஆனா அதுலேர்ந்து என்ன பாடம் எடுத்துக்கணும்? பழைய சாமானை ஒழிக்கணும்னா? அன்னிக்கு ஆளைக் கொன்னது துப்பாக்கியோட வயசு இல்ல. குண்டு எவ்வளவு தூரம் போகும், அதை எது தடுத்து நிறுத்தும், இந்த ரெண்டும்தான் கேள்வி. 200 ஜூல்னா பொம்மைன்னு சொல்ல வரல. அதுவும் ஆளைக் கொல்லும். ஆனா நாலு சுவருக்குள்ள, கூரைக்குக் கீழே, 25 மீட்டர்ல, மணல் தடுப்புக்கு முன்னால அதை அடக்கி வைக்க முடியும். 3,000 ஜூலை அடக்குறது வேற சமாச்சாரம்.

இன்னொரு வாதமும் வரும். இங்கிலாந்துல பழம்பொருள்னு சலுகை குடுத்தாங்க, ரவுடிங்க அதை வெச்சே சுட்டாங்க, 2021ல ஏழு வகைத் தோட்டாவுக்கான சலுகையை ரத்து பண்ணாங்க. உண்மைதான். ஆனா அங்கே முக்கியமான தலைவலி இடுப்புல செருகிக்கிற பழைய ரிவால்வர்ங்க. கிட்டத்தட்ட நாலடி நீளம், நாலு கிலோ எடை, ஒரே தோட்டா. இதைத் தூக்கிக்கிட்டு எந்த ரவுடி பஸ் ஏறுவான்? :-)

சரி, நான் கேக்குறது என்ன?

1. 1900க்கு முன்னால செஞ்ச ஒத்தத் தோட்டா ரைபிளுக்குத் தனியா ஒரு வகை.

2. மாத்துற வேலை லைசென்ஸ் உள்ள பட்டறையில மட்டும். அதுவும் குழலைக் குடையாம, உள்ளே இன்னொரு மெல்லிய குழலைச் செருகி, .32க்கு மட்டும். கரிமருந்துக்காகச் செஞ்ச இரும்புல .357ஐத் திணிச்சா வெடிக்கப் போறது உங்க முகத்துக்கு முன்னாலதான்.

3. துப்பாக்கி வீட்ல இருக்கக் கூடாது. ரைபிள் கிளப் பெட்டகத்துல, ரிஜிஸ்டர்ல, பூட்டுக்குள்ள. 2022 ஜூலையில் அஜித் மாநிலப் போட்டிக்கு வந்தாரே, அந்தத் திருச்சி ரைபிள் கிளப் மாதிரி இடங்கள்ல.

மூணாவதைக் கவனிங்க. இப்ப இருக்கிற விதிப்படி கியூரியோ வீட்டுச் சுவத்துல லைசென்ஸ் இல்லாம தொங்கலாம். நான் கேக்குறது இதைவிடக் கெடுபிடி. எனக்குத் துப்பாக்கி வெறின்னு திட்டப் போறவங்க இதைப் படிச்சுட்டுத் திட்டுங்க.

குழலைக் குடையாதேன்னு ஏன் சொல்றேன்? அறிவர் கோயில் விதானத்துல தாமரைக் குளம் ஓவியம் உதிர்ந்துதான் கிடக்கு. அதுக்காக யாராவது பெயிண்ட் டப்பாவோட ஏறி "புதுப்பிச்சா" சும்மா விடுவோமா? எதைச் சேர்த்தாலும் திரும்ப எடுக்க வரணும். நம்மாளுங்க பாஷையில ரோல்பேக் இருக்கணும். செருகின குழலை உருவிட்டா மார்ட்டினி பழையபடி மார்ட்டினிதான். குடைஞ்சுட்டா போனது போனதுதான்.

ஏழடிப்பட்டத்துல ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின எழுத்தை இன்னிக்கும் படிக்க ஆள் இருக்கிறதாலதான் அது கல்வெட்டு. இல்லேன்னா வெறும் கீறல். இயந்திரமும் அப்படித்தான். இயக்கத் தெரிஞ்ச கடைசி ஆளும் போயிட்டா மிஞ்சுறது பழைய இரும்பு, கிலோ கணக்கு.

எதிர்க்கருத்து இருந்தா பின்னூட்டத்துல கும்முங்க. ஆனா 3,000 எங்கே, 200 எங்கே, இதுக்கு மட்டும் பதில் சொல்லிட்டுக் கும்முங்க.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு யாரும் தாத்தா துப்பாக்கியைத் தூக்கிக்கிட்டு லேத் பட்டறைக்கு ஓடாதீங்க. இன்னிக்குத் தேதிக்கு அது ஜெயில்தான். மாத்த வேண்டியது முதல்ல சட்டத்தை.