ஓவியத்தை ஏற்ற நகரம் ஓவியரின் உரிமையை ஏற்றதா?

பழங்குடி ஓவியம் இன்று நகரங்களின் விருப்பக் கலையாகிவிட்டது. விடுதிச் சுவர்கள், புடவைகள், நாட்காட்டிகள் என எங்கும் கோண்டு, வார்லி வடிவங்கள். இதனைப் பண்பாட்டு மறுமலர்ச்சி எனக் கொண்டாடுமுன், வரைந்தவரின் பெயரும் ஊதியமும் நிலமும் என்னவாயின என்று நாம் கேட்க வேண்டும்.

மத்தியப் பிரதேசத்தின் பர்தான் கோண்டுகள், 'பானா' என்னும் நரம்பிசைக் கருவியை மீட்டிக் குலக்கதை பாடிய பாணர்கள். புரவலர்கள் நலிந்தபோது பலர் கூலிகளாயினர். அவர்களுள் ஒருவரான ஜங்கர் சிங் ஷியாம், 1980களின் தொடக்கத்தில் போபாலின் பாரத் பவனுக்கு அழைத்துவரப்பட்டார். பாட்டில் வாழ்ந்த தெய்வங்களும் விலங்குகளும் அவரது கையால் தாளில் குடியேறின. 1989இல் பாரிஸ் வரை சென்ற அக்கலைஞர், 2001இல் ஜப்பானிய அருங்காட்சியகம் ஒன்றில் தங்கி வரைந்துகொண்டிருந்தபோது உயிரை மாய்த்துக்கொண்டார். அயல்நாட்டில் பழங்குடிக் கலைஞரின் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு என்னும் கேள்வியை அம்மரணம் எழுப்பியது.

அவருடைய உறவினர் பஜ்ஜு ஷியாம், போபாலில் இரவுக் காவலாளியாக இருந்தவர். லண்டன் உணவகம் ஒன்றின் சுவர்களில் வரையச் சென்ற அனுபவத்தை அவர் தீட்டிய நூலைச் சென்னையின் தாரா பதிப்பகம் 2004இல் வெளியிட்டது. அதில் பிக் பென் மணிக்கூண்டு சேவலாகிறது. பேருந்து விசுவாசமுள்ள நாயாகிறது. ஆண்டவர்கள் காட்டைப் பார்த்து எழுதிய மரபு மாறி, காடு நகரத்தைப் பார்த்து வரைந்தது.

துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் வரைந்து, நவயானா 2011இல் வெளியிட்ட 'பீமாயணம்' இன்னும் ஒரு படி சென்றது. அண்ணல் அம்பேத்கரின் வாழ்வைச் சொல்லும் அந்நூலில் சாதி வெறியரின் சொற்கள் தேள் கொடுக்குடன் வருகின்றன. ஒடுக்கப்பட்டோரின் சொற்கள் பறவை வடிவில் வருகின்றன. பழங்குடிக் கோடும் தலித் வரலாறும் அங்கே தோழமை கொண்டன. நாகர்கோவிலின் காலச்சுவடு அதனைத் தமிழில் தந்தது.

கொட்டாரத்திலிருந்து பார்க்கையில் அக்கதை அந்நியமன்று. அருகிலுள்ள சுசீந்திரத்தில் கோயில் வீதிகளில் நடக்கும் உரிமைக்காக 1926இல் சத்தியாகிரகம் நடந்தது. மறு ஆண்டு மகாத் குளத்தில் அம்பேத்கர் நீர் அருந்தினார். இதே மாவட்டத்தின் மலைகளில் காணி மக்கள் வாழ்கின்றனர். அவர்களின் கலையை மேடையேற்றிவிட்டு நில உரிமையைக் கிடப்பில் போடுவது மறுமலர்ச்சியாகாது.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் நிலத்தையும் பண்பாட்டையும் பிரிக்கவில்லை. பண்பாட்டுப் பன்மையோடு தொடர்புடைய மரபறிவின் மீதும் அறிவுசார் சொத்தின் மீதும் சமூகத்துக்கு உரிமையுண்டு என அதன் மூன்றாம் பிரிவு கூறுகிறது. ஆகவே, ஓவியருக்குப் பெயரும் உரிய ஊதியமும், சமூகத்துக்கு ஒப்புதல் உரிமையும், வனத்தில் பட்டாவும் ஒரே கோரிக்கையாக முன்வைக்கப்பட வேண்டும். கல்லூரி விழாவுக்குப் பழங்குடி வடிவத்தை எடுத்தாளும் மாணவர்கள், வரைந்த சமூகத்தின் பெயரை அதனருகே எழுதுவதிலிருந்து இதனைத் தொடங்கலாம்.