செருப்புக்கு ஊர் உண்டு; செய்தவருக்குப் பெயர் இல்லையா?

2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் 22ஆந் திகதி இத்தாலி நாட்டின் மிலான் நகரிலே ஓர் ஆடையலங்கார அணிவகுப்பு நடைபெற்றது. நடத்தியது பிராடா என்னும் நிறுவனம். 1913இல் அந்நகரிலே தோற்பொருள் விற்கும் கடையாகத் தோன்றி, இன்று உலகத்துச் செல்வந்தர் எதை உடுப்பது, எதைத் தொடுவது என்று தீர்ப்புக் கூறும் நிலைக்கு உயர்ந்துவிட்ட நிறுவனம் அது. அடுத்த கோடையில் ஆடவர் அணியத்தக்கவை இவையெனக் காட்டுவதற்கு மேடையில் நடந்துவந்த இளைஞர்களின் கால்களைக் கண்டு இந்தியர் பலர் திகைத்தனர். பெருவிரலைப் பற்றும் வளையம், பாதத்தின் குறுக்கே பின்னிய தோல்வார், தட்டையான அடி. மகாராட்டிர நாட்டுச் சந்தைகளிலே தலைமுறை தலைமுறையாகக் குவித்து விற்கப்படும் கோலாப்பூர்ச் செருப்பே மிலான் மேடையில் நடந்து சென்றது! நிறுவனம் அதற்குக் கொடுத்த விளக்கமோ ‘தோற்செருப்பு’ என்பது மட்டுமே. எந்த நாடு? எந்த ஊர்? எவருடைய கைத்திறன்? ஒரு சொல் இல்லை.

இச்செய்தியைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, சினமும் வந்தது. சிரிப்பின் காரணத்தை முதலிற் சொல்லிவிடுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன்னர் நண்பர் ஒருவரின் அழைப்பை ஏற்றுக் கொழும்பிலே ஒரு சங்கத்தின் விருந்துக்குச் சென்றேன். வேட்டி, சால்வை, காலிலே தோற்செருப்பு. வாயிற்காவலர் என்னை மறித்தார். “குறை நினைக்கவேண்டாம், ஐயா. சப்பாத்து இல்லாதவர்களை உள்ளே விடக்கூடாதென்பது கட்டளை” என்றார். அவரும் தமிழரே, அவர்மீது குற்றமில்லை. நான் வாதாடவில்லை. தலைகுனிந்து திரும்பினேன். மறுநாட் காலையிலே கடைக்குப் போய்ச் சப்பாத்து ஒரு சோடி வாங்கினேன். அச்சப்பாத்து என் காலைக் கடித்தது கொஞ்சம். வாய் திறவாது திரும்பிய நினைவு நெஞ்சைக் கடித்ததே அதிகம். இன்று அதே வாயிலிலே பிராடாவின் முத்திரை பொறித்த அதே வகைச் செருப்புடன் ஒருவர் சென்று நிற்கட்டும். கதவு தானே திறக்கும். தோல் மாறவில்லை, பின்னல் மாறவில்லை. மேலே பொறித்த பெயர் மாறிற்று. அவ்வளவுதான் நவநாகரிகம்!

சினத்துக்குக் காரணம் வேறு. அச்செருப்பு எப்படிப் பிறக்கிறதென்பதை அறிந்தவர்க்கு அது விளங்கும். தோலைக் கருவேலம்பட்டை, கடுக்காய் முதலியவற்றின் சாற்றிலே ஊறவைத்துப் பதனிடுவர். அடித்தோலை வெட்டுவது, வார்களைச் சடைபோலப் பின்னுவது, எல்லாம் கைவேலை. ஆணி அடிப்பதில்லை, தோல்வாராலேயே தைப்பர். பின்னல் வேலையிற் பெண்களின் பங்கு பெரிது. இவ்வளவு திறமையும் கைவரப்பெற்ற மக்களுக்குச் சமுதாயம் அளித்த பரிசு என்ன? தோலைத் தொடுகின்றவர் என்ற ஒரே காரணத்தால் அவர்களைத் தீண்டத்தகாதோர் என்று ஊருக்குப் புறம்பே ஒதுக்கியது. அவர்கள் செய்த செருப்பு வீட்டுத் திண்ணை வரையில் வந்தது. செய்தவர் தெருவிலே நின்றார்.

அந்தக் கோலாப்பூரிலேதான் சாகு மகாராசா என்னும் மன்னர் 1902ஆம் ஆண்டிலேயே அரசாங்க உத்தியோகங்களில் 50 சதவீதத்தைப் பிற்பட்ட வகுப்பினருக்கென ஒதுக்கி ஆணையிட்டார். செருப்புத் தொழிலையும் அவர் ஆதரித்தார். 1920இல் மாண்காவ் என்னும் ஊரிற் கூடிய மாநாட்டிலே இளைஞரான அம்பேத்கரைச் சுட்டிக்காட்டி, தாழ்த்தப்பட்ட மக்களுக்கு அவர்களுடைய தலைவர் கிடைத்துவிட்டார் என்று வாழ்த்தியவரும் அவரே. ஆகவே அச்செருப்பின் ஒவ்வொரு பின்னலிலும் ஒரு மக்கட் கூட்டத்தின் அவமானமும் உண்டு, எழுச்சியும் உண்டு. இவற்றையெல்லாம் ‘தோற்செருப்பு’ என்ற ஒரு சொல்லுக்குள் மூடிவிடலாமென்று மிலான் எண்ணிற்று.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர் இருக்கலாம். அவர்களுக்கு எமது கமக்காரரே விடை கூறட்டும். எங்கோ விளைந்த மாம்பழத்தைக் கூடையிலிட்டு, ‘யாழ்ப்பாணத்துக் கறுத்தக்கொழும்பான்’ என்று கூவி விற்கும் வியாபாரியை நீங்கள் என்னவென்று அழைப்பீர்கள்? மெய்யான கறுத்தக்கொழும்பானை வாங்கிச் சென்று, ஊர்ப்பெயரை அழித்து, தன் பெயரை ஒட்டிப் பத்து மடங்கு விலைக்கு விற்பவனை என்னவென்று அழைப்பீர்கள்? மண்ணும் கைத்திறனும் சேர்ந்து ஒரு பொருளுக்குத் தேடிக்கொடுத்த பெயர் அம்மண்ணின் உடைமை. அதைக் காப்பதற்காகவே புவிசார் குறியீடு என்னும் சட்டப் பாதுகாப்பு உண்டானது. கோலாப்பூர்ச் செருப்புக்கு இக்குறியீடு 2019இலேயே கிடைத்துவிட்டது. மகாராட்டிரத்தில் நான்கு மாவட்டங்கள், கருநாடகத்தில் நான்கு மாவட்டங்கள். இவ்வெட்டிலும் செய்யப்படுவதே கோலாப்பூர்ச் செருப்பு என்பது பதிவேட்டில் உள்ளது.

நடந்தது என்ன? மகாராட்டிர வர்த்தகர் சபை பிராடாவுக்குக் கடிதம் எழுதியது. இந்தியா முழுவதும் கண்டனக் குரல் எழுந்தது. அதன் பின்னரே, இந்தியாவின் பாரம்பரியக் காலணியைப் பார்த்துப் பிறந்த வடிவமே அது என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது. பம்பாய் உயர் நீதிமன்றத்திலே சட்டத்தரணிகள் சிலர் பொதுநல வழக்கொன்றைத் தொடுத்தனர். குறியீட்டின் பதிவுபெற்ற உரிமையாளர் நீங்கள் அல்லர் என்று கூறி 2025 ஜூலையில் நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. உரிமையாளராகப் பதிவானவை இரு மாநிலங்களின் தோற்றொழிற் கழகங்கள். ஒன்றின் பெயரிலே இருப்பவர் ரோகிதாசர் என்னும் அடியார். மற்றதின் பெயரிலே இருப்பவர் பாபு ஜெகஜீவன் ராம். இருவரும் தோற்றொழிற் குலத்திற் பிறந்தவர்கள்.

ஈற்றிலே, 2025 டிசம்பரில் அக்கழகங்களோடு பிராடா உடன்படிக்கை செய்துகொண்டது. இந்தியாவிலேயே 2,000 சோடிகள் செய்யப்படும். சோடி ஒன்று ஏறக்குறைய 800 யூரோ விலையில் உலகெங்கும் 40 கடைகளில் விற்கப்படும். தொழிலாளருக்குப் பயிற்சியும் அளிக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. நல்லது, வரவேற்போம். ஆயினும் ஒரு கணக்கை மறக்கவேண்டாம். உள்ளூர்ச் சந்தையில் அச்செருப்பு இந்திய ரூபாயில் ஆயிரம் அளவிற் கிடைப்பது. மிலான் பெயர் ஏறியதும் எண்பது மடங்கு! இந்த எண்பதில் பின்னியவரின் விரல்களுக்கு எத்தனை என்பதைக் கணக்கேட்டைத் திறந்து காட்டட்டும். அதுவரையில் கைதட்டுவதை நிறுத்தி வைப்போம்.

இனி, எமது படித்த நண்பர்களின் கேள்விக்கு வருவோம். “கலைக்கு எல்லை உண்டா? நாம் அணியும் காற்சட்டையும் மேற்சட்டையும் இரவல் அல்லவா? அவன் எங்களுடையதை எடுத்தால் மட்டும் களவோ?” என்று அவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி, தட்டிக் கழிக்கமாட்டேன். இரவல் வாங்குதல் குற்றமன்று. இரவல் இல்லையேல் கலையே இல்லை. ஆனால் இரவல் வாங்குபவன் எவரிடம் வாங்கினேன் என்பதை மறைப்பதில்லை. மறைப்பவனுக்கு வேறு பெயர் உண்டு.

சான்று வேண்டுமா? 1958ஆம் ஆண்டளவில் அமெரிக்க வியாபாரி ஒருவர் சென்னைக் கைத்தறிக் கட்டத்துணியை வாங்கிச் சென்றார். அது நியூயோர்க்கின் பெரிய கடையிலே சட்டையாகவும் காற்சட்டையாகவும் விற்பனையாயிற்று. தோய்த்தபோது சாயம் கரைந்து ஓடியது; வாங்கியவர்கள் கூச்சலிட்டனர். விளம்பரக்காரர் சும்மா இருப்பார்களா? சாயம் ஓடுவதே இத்துணியின் சிறப்பு என்று அதையே பெருமையாக்கி விற்றுவிட்டனர்! அதுவும் வியாபாரத் தந்திரமே. ஆயினும் துணியின் பெயரை அவர்கள் அழிக்கவில்லை. இன்றுவரையில் அமெரிக்காவில் அத்துணிக்கு ‘மெட்ராஸ்’ என்றே பெயர். அறுபது ஆண்டுகளின் பின், 2018இல், சாரா என்னும் ஸ்பானிய நிறுவனம் எமது சாரத்தைப் போன்ற கட்டத்துணிப் பாவாடை ஒன்றை ஏறக்குறைய 70 பவுணுக்கு விற்றது. தென்னாசியர் பார்த்த மாத்திரத்தில் இது எமது சாரமல்லவா என்று நகைத்தனர். ஆனால் அப்பாவாடையின் விளம்பரத்தில் எந்த ஊரின் பெயரும் இருக்கவில்லை. 1958க்கும் 2018க்கும் இடையில் உலகம் நாகரிகமடைந்ததாம்!

வேறொரு வழியும் உண்டு என்பதற்கு அதே 2025ஆம் ஆண்டே சாட்சி. மெக்சிக்கோ நாட்டின் ஓவாகாக்கா மாநிலத்து மலைவாழ் மக்கள் தோற்பின்னற் செருப்புச் செய்பவர்கள். அவ்வடிவத்தைத் தழுவி அடிடாஸ் நிறுவனம் ஒரு காலணியை வெளிப்படுத்திற்று. அம்மக்களும் அந்நாட்டு அரசாங்கமும் எதிர்த்தன. அதே ஆகஸ்டு மாதத்திலே நிறுவனத்தின் பிரதிநிதிகள் யாலாலாக் என்னும் அச்சிற்றூருக்கே நேரிற் சென்று, ஊர்மக்கள் முன்னிலையில் மன்னிப்புக் கேட்டனர். அரசாங்கம் தன் மக்களின் பக்கம் நின்றால், மாபெரும் கம்பனியும் மலையேறி வரும் என்பதே இதன் பாடம்.

ஆனால், நண்பர்களே, மிலானை மட்டும் ஏசிவிட்டு அமர்ந்துவிடுவது எளிது. பிராடா பெயரை மறைத்தது என்கிறோம். நாம் எவர் பெயரைச் சொன்னோம்? உங்கள் வீட்டுப் பனையோலைப் பெட்டியைப் பின்னிய பெண்மணியின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? கண்ணாடிக் கடையிலே எழுதிய விலையை மறுபேச்சின்றிக் கொடுக்கும் நாம், திருவிழாக் கடையிலே நீற்றுப்பெட்டி விற்கும் கிழவியிடம் ஐம்பது ரூபாவுக்கு அரைமணி நேரம் வாதாடுகிறோமே, அது எந்த நீதி? 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் ஆலயப் பிரவேசம் கேட்டு நின்றவர்களை மறித்த கைகள் மிலானிலிருந்து வந்தவை அல்ல. மேனாட்டான் செய்தவரின் பெயரை மறைத்தான். நாமோ ஆளையே மறைத்தோம். செய்தவரை இழிவாக நோக்கும் சமுதாயம், செய்த பொருளைப் பிறன் கவரும்போது கூவுவதற்கு அரை உரிமையே உடையது. மற்ற அரை உரிமையை நாம் சம்பாதிக்க வேண்டும். அதற்கு வழி உண்டு.

2022 பெப்ரவரியிலே ‘சிலோன் கறுவா’ ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீட்டைப் பெற்றது. இலங்கைப் பொருளொன்று அங்கே அவ்வுரிமையைப் பெற்றது அதுவே முதல் முறை. அதே ஆண்டில் இந்நாட்டின் புலமைச் சொத்துச் சட்டமும் திருத்தப்பட்டு, இத்தகைய குறியீடுகளைப் பதிவதற்கு வழி செய்யப்பட்டது. கறுவாவுக்கு இயன்றது பனையோலைக் கைப்பணிக்கு ஏன் இயலாது? எமது சட்டத்தரணிகள் மாதத்தில் ஒரு நாளைக் கைப்பணியாளருக்கு ஒதுக்கி, விண்ணப்பங்களை எழுதிக் கொடுக்கட்டும். ஆசிரியர்கள் எந்த ஊரில் எந்தப் பின்னல், எவரிடம் எவர் கற்றார் என்பதை மாணவரைக்கொண்டு எழுதிவைக்கட்டும். கூட்டுறவுச் சங்கங்கள் செய்தவரின் பெயரையும் ஊரையும் எழுதிய சீட்டில்லாமல் ஒரு பெட்டியையும் விற்பதில்லை என்று தீர்மானிக்கட்டும். கமக்காரர் தமது விளைபொருளுக்கு நியாய விலை கேட்பதுபோல, கைப்பணியாளர் கேட்கும் விலையையும் நியாயமென்று கொடுக்கட்டும். பதிவேட்டில் உரிமையாளராகக் கைப்பணியாளரின் சொந்தச் சங்கமே இருக்கட்டும். அப்பொழுதுதான் நாளை ஒரு நீதிமன்றம் ‘உரியவர் யார்?’ என்று கேட்கும்போது, உரியவரே எழுந்து நின்று பதில் கூற முடியும்.

நான் வாங்கிய அந்தச் சப்பாத்து இன்னும் வீட்டு மூலையிற் கிடக்கிறது. அச்சங்கத்திலிருந்து மீண்டும் அழைப்பு வருமாயின், வேட்டியும் செருப்புமாகவே போவேன். மறித்தால், இம்முறை வாய் திறப்பேன். இச்செருப்பைச் செய்தவர் யார், அவர் ஊர் எது என்பதைச் சொல்லிவிட்டே திரும்புவேன். அதற்கு முன்னதாக அவர் பெயரை நான் கேட்டு அறிந்துகொள்ள வேண்டும். இவ்வளவு காலமும் கேட்கவில்லை என்பதுதான் எனது குற்றம்.