கணிதப் பாடமும் நம் வீட்டு மேசையும்



ஆகஸ்ட் மாதத்தில் ஜி.சி.எஸ்.ஈ. பெறுபேறுகள் வெளிவந்ததற்கு அடுத்த ஞாயிறன்று, திருப்பலி முடிந்தபின் ஆலய முற்றத்தில் நிகழும் உரையாடல்களைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். கணிதத்தில் 9 பெற்ற பிள்ளை யாரென்பது அனைவருக்கும் தெரிந்துவிடுகிறது. 4 பெற்ற பிள்ளையோ பெற்றோருடன் விரைந்து காரில் ஏறிவிடுகிறது. அந்தப் பிள்ளைகளைக் குறித்தே இன்று எழுதுகிறேன்.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். பத்துப் புள்ளிப் பரீட்சையொன்றில் ஐந்து பிள்ளைகள் 3, 4, 4, 5, 9 எனப் பெறுகின்றனர். கூட்டுத்தொகை 25, இடை 5. வரிசையின் நடுவில் நிற்கும் இடையம் 4. அடிக்கடி வரும் ஆகாரமும் 4. ஒரேயொரு 9 இடையை மேலே இழுத்துவிட, மூன்று பிள்ளைகள் 'சராசரிக்குக் கீழ்' ஆகிவிடுகின்றனர். நம் முற்றத்துப் பேச்சு இதனினும் மோசமான புள்ளிவிபரவியல். அது அந்த 9ஐ மட்டுமே எண்ணுகிறது.

இந்தப் பேச்சுக்கு அஞ்சியே பெற்றோர் சிலர், பிள்ளையை 'ஃபவுண்டேஷன்' தாளில் அமர்த்த வேண்டாம் என்று பாடசாலையிடம் வாதாடுகின்றனர். அத்தாளில் எட்டக்கூடிய உச்சத் தரம் 5 என்பது உண்மைதான். 'ஹயர்' தாள் 9 வரை செல்லும்; ஆனால் அதில் 4ஐ மயிரிழையில் தவறவிட்டவருக்கே 3 கிடைக்கும், அதற்குக் கீழே தரமே கிடையாது. எந்தத் தாளில் எழுதினாலும் 4 என்பது 4தான். உறவினர் முன் நம் தலை நிமிர்வதற்காகப் பிள்ளையைச் சூதாட்டத்தில் வைப்பது முறையன்று. 4ஐ எட்டாதோர் 16 வயதின் பின்னரும் கணிதத்தைத் தொடர்ந்து படிக்க வேண்டும் என்பது இங்கிலாந்தின் விதி.

"எங்களுக்கு இங்கத்தைய முறை தெரியாது, சுவாமி. ரியூசனுக்கு விட்டிருக்கிறோம்" என்பதே நான் அதிகம் கேட்கும் விடை. ரியூசனை நான் பழிக்கவில்லை. எனினும் அதன் கட்டணத்துக்காகத் தந்தை மேலதிக இரவு வேலை செய்ய, பிள்ளை வீட்டு மேசையில் தனித்திருப்பதையும் காண்கிறேன். உங்களுக்குத் தெரியாது என்பதையும் நான் ஏற்கமாட்டேன். வட்டுக்கோட்டையில் 1823இல் செமினரி தொடங்கியது. அங்கே கற்ற கறோல் விசுவநாதபிள்ளை 19ஆம் நூற்றாண்டிலேயே பீஜகணிதத்தைத் தமிழில் நூலாக்கினார். அட்சரகணிதம், கேத்திரகணிதம் என்ற பெயர்களில் நீங்கள் கற்றவையே இன்று உங்கள் பிள்ளையின் புத்தகத்திலும் உள்ளன.

முறையில் வேறுபாடு உண்டு. ஓர் எண்ணின் மூன்று மடங்குடன் 5ஐக் கூட்டினால் 20. "பக்கம் மாற்று, குறி மாறும்" என்று நாம் கற்றோம். இங்கோ சமன்பாட்டைத் தராசாகக் காட்டுகின்றனர்: இரு தட்டுகளிலும் 5ஐ எடு, 15, இரண்டையும் மூன்றால் வகு, 5. நம்முடைய குறி மாறும் விதிக்குக் காரணமே இந்தத் தராசுதான். ஆகவே, "இது என்ன சுற்றுவழி?" என்று பிள்ளையிடம் எரிந்து விழாமல், அதன் முறையை உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். விளக்கும்போதே பல பிழைகள் பிள்ளையின் கண்ணிலேயே படும். விடையை மட்டும் நீங்கள் சொல்லிவிடுவதால் பயன் இல்லை. இறுதி விடை பிழைத்தாலும் செய்முறைக்குப் புள்ளி உண்டு.

கேத்திரகணிதத்திலோ நீங்களே வலியவர்கள். சமாந்தரக் கோடுகளில் 'இசட் கோணம்' என்று பிள்ளை எழுதினால், காரணத்துக்கான புள்ளி கிடைக்காது; 'ஆல்டர்னேட் ஆங்கிள்ஸ்' என்று முறைப்படி எழுத வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் அருகே 'ஒன்றுவிட்ட கோணங்கள்' என்று காரணம் எழுதாவிட்டால் அடி வாங்கிய தலைமுறை அல்லவா நாம்! (அந்த அடி வேண்டாம், அந்தப் பழக்கம் வேண்டும்.)

செப்டம்பர் முதல் புதன் மாலைகளில் பங்கு மண்டபத்தைத் திறந்து வைக்கிறேன். ஊரில் கணிதம் கற்பித்த ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருவர் அமர்ந்திருப்பார்கள். கட்டணமில்லை, எம்மதத்துப் பிள்ளையும் வரலாம். பிள்ளையை வாசலில் இறக்கிவிட்டுச் செல்லாமல், தாயோ தந்தையோ ஒருவர் கூடவே இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. கல்குலேட்டர் அனுமதியில்லாத வினாத்தாளிலிருந்தே தொடங்குகிறோம்; பென்சிலும் கொப்பியும் போதும்.