தாய்லாந்து: மேட்டுக்குடியை எதிர்ப்பவர் எல்லாம் நீதியாளரா?

தாய்லாந்தில் மக்கள் வாக்களிக்கிறார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்தவர்களை இராணுவமும் நீதிமன்றமும் வீட்டுக்கு அனுப்புகின்றன. கால் நூற்றாண்டாக அங்கே இதுதான் அரசியல்.

2001-இல் பிரதமரான தக்சின் சினவத்ரா ஏழையல்லர். தொலைத்தொடர்புத் தொழிலில் பெரும் செல்வம் சேர்த்தவர். ஆனால் பாங்காக்கின் பழைய அதிகார வட்டம் கண்டுகொள்ளாத வடக்கு, வடகிழக்குக் கிராமங்களை அவர் கண்டுகொண்டார். 30 பாத் கட்டணத்தில் மருத்துவம், ஒவ்வொரு கிராமத்துக்கும் 10 லட்சம் பாத் கடன் நிதி ஆகிய திட்டங்கள் ஏழைகளைத் தொட்டன. 2005 தேர்தலில் 500 இடங்களில் 377 அவர் கட்சிக்குக் கிடைத்தன.

மேட்டுக்குடி பொறுக்கவில்லை. 2006-இல் இராணுவம் அவரைக் கவிழ்த்தது. 2010-இல் தேர்தல் கேட்டுப் பாங்காக் வீதிகளில் அமர்ந்த செஞ்சட்டையினர் மீதான நடவடிக்கைகளில் 90-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2011-இல் வென்ற அவருடைய தங்கை யிங்லக்கை 2014-இல் நீதிமன்றம் நீக்கியது; சில நாள்களிலேயே இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 2023-இல் 151 இடங்களுடன் முதலிடம் பெற்ற மூவ் ஃபார்வர்ட் கட்சியை இராணுவம் நியமித்த செனட் தடுத்தது. மறு ஆண்டு அக்கட்சியே கலைக்கப்பட்டது.

இதைப் படிக்கும்போது நம் மனம் தக்சின் பக்கம் சாய்வது இயல்பு. இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும்.

2004 அக்டோபர் 25, ரமளான் மாதம். தென்கோடி நராத்திவாட் மாகாணத்தின் தாக் பாயில், கைதான 6 பேரை விடுவிக்கக் கோரி மலாய் முஸ்லிம்கள் திரண்டனர். அங்கேயே 7 பேர் உயிரிழந்தனர். பிடிபட்டவர்களின் கைகளைக் கட்டி, இராணுவ லாரிகளில் ஒருவர்மேல் ஒருவராக அடுக்கினார்கள். அந்தப் பயணத்தில் 78 பேர் மூச்சுமுட்டி மடிந்தனர். நோன்பினால் உடல் தளர்ந்திருந்ததே காரணம் என்று பேசினார் பிரதமர் தக்சின்.

2005-இல் அவர் தெற்கில் கொண்டுவந்த அவசர நிலையைப் பின்வந்த இராணுவ ஆட்சியும் நீட்டித்தது. 2023-இல் தக்சினின் கட்சி இராணுவ ஆதரவுக் கட்சிகளுடனேயே கூட்டணி அமைத்தது. 2024 அக்டோபர் 25-இல் தாக் பாய் வழக்கு 20 ஆண்டு வரம்பைக் கடந்து காலாவதியானது. குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவர்கூட நீதிமன்றத்துக்கு வரவில்லை. அன்று பிரதமராக இருந்தவர் தக்சினின் மகள்.

மக்கள் தீர்ப்பை ஆயுதத்தால் பறிப்பது அநீதியே. அதற்காக, பறிகொடுத்தவரை நீதியாளராகக் கொண்டாட வேண்டியதில்லை. யாரை எதிர்க்கிறார் என்பதைக் கொண்டு ஒரு தலைவரை எடைபோட முடியாது. தமக்கு வாக்களிக்காத எளியவர்களை எப்படி நடத்துகிறார் என்பதே அளவுகோல். தாக் பாயில் பிள்ளைகளை இழந்த தாய்மார்களுக்கு இரு தரப்பிடமிருந்தும் இன்றுவரை நீதி கிடைக்கவில்லை.