நட்சத்திரத்துக்கும் கிரகணம்! அங்கே பாம்பு ஏது?

சூரிய சந்திரர்களை ராகு, கேது என்னும் பாம்புகள் விழுங்குவதே கிரகணம் என்பதாக நமது ஜனங்களுக்கு வெகுகாலமாகச் சொல்லப்பட்டு வருகின்றது. பள்ளிக்கூடத்தில் நிழலைப் பற்றிப் படித்துப் பரீட்சையில் தேறியவர்கள் கூட, கிரகணத்தன்று கர்ப்பிணிப் பெண்ணை அறைக்குள் அடைத்துப் பட்டினி போட்டு, சோற்றுப் பானையில் தர்ப்பையையும் போடுகின்றார்கள். இவர்களுக்கு ஒரு சங்கதி சொல்லுகின்றோம். கிரகணம் நட்சத்திரங்களுக்கும் உண்டு.

அல்கோல் என்று ஒரு நட்சத்திரம். அராபிய மொழியில் அதற்குப் பேய் என்று பொருள். அது 2 நாள் 20 மணி 49 நிமிஷத்துக்கு ஒருமுறை மங்கித் தெளிகின்றது. 1783-ல் இங்கிலாந்தில் ஜான் குட்ரிக் என்ற, காது கேளாத 18 வயது வாலிபர், இரவுதோறும் அதைக் கவனித்துக் குறித்து வைத்து, வேறொரு கோளம் குறுக்கே வந்து மறைக்கலாம் என்றார். 1889-ல் ஜெர்மனியில் வோகல் என்பவர் அதன் ஒளியைப் பிரித்துப் பார்த்து அதை உறுதிப்படுத்தினார். பேய்க்குப் பரிகாரம் செய்து இது கண்டுபிடிக்கப்படவில்லை.

இப்படி ஒன்றையொன்று சுற்றி மறைக்கும் இரட்டை நட்சத்திரங்களே இன்று அண்டவெளியை அளக்கும் கோலாகப் பயன்படுகின்றன. எப்படியென்றால், ஒளியிலுள்ள கோடுகள் நகர்வதைக் கொண்டு அவற்றின் வேகம் தெரிகின்றது. மறைப்பு நீடிக்கும் நேரத்தை வேகத்தோடு சேர்த்துக் கணக்கிட்டால் பருமன் தெரிகின்றது. நிறத்தைக் கொண்டு, பரப்பில் ஒரு சதுர மைல் எவ்வளவு வெளிச்சம் விடும் என்பது தெரிகின்றது. இவற்றிலிருந்து மொத்த வெளிச்சத்தை அறிந்து, நம்மிடம் வந்து சேருவது எவ்வளவு என்று பார்த்தால் தூரம் வெளிப்படுகின்றது. தெருக்கோடி விளக்கின் சக்தியை அறிந்தவன், அது தெரியும் மங்கலைக் கொண்டு தூரத்தைச் சொல்லுவது போன்றதே இது.

2013-ல் போலந்துக்காரரான பியெட்ஷின்ஸ்கியும் அவரது கூட்டாளிகளும், சிலி தேசத்து மலைகளிலுள்ள தூரதிருஷ்டிக் கண்ணாடிகளால், பெரிய மெகல்லன் மேகம் என்னும் அண்டை நட்சத்திர மண்டலத்தில் 8 இரட்டைகளை ஆராய்ந்து, அதன் தூரம் சுமார் 1,63,000 ஒளி வருஷம். பிழை நூற்றுக்கு 2 இருக்கலாம் என்றார்கள். அதோடு விட்டார்களா? 2019-ல் 20 இரட்டைகளை ஆராய்ந்து, சுமார் 1,62,000 ஒளி வருஷம். பிழை நூற்றுக்கு 1 என்று தாங்களே திருத்திக் கொண்டார்கள். தன் பிழையின் அளவைத் தானே வெளியிட்ட புராணம் எது என்று கேட்கின்றோம்.

"பஞ்சாங்கமும் கிரகண நேரத்தைச் சரியாகச் சொல்லுகின்றதே" என்பார்கள். சொல்லுகின்றது, கணக்கினால் சொல்லுகின்றது, பாம்பைக் கேட்டுச் சொல்லவில்லை. கிரகணம் நிழலால் உண்டாவது என்று ஆரியபட்டரே 1,500 வருஷங்களுக்கு முன் எழுதியிருக்கின்றார். கணக்கைத் தம்மிடம் வைத்துக்கொண்டு, பாம்பை மாத்திரம் நம்மிடம் விட்டதற்குக் காரணம் தானமும் தட்சணையுமே யல்லாமல் வேறென்ன?

ஆகவே தோழர்களே! அடுத்த கிரகணத்தன்று வீட்டில் வழக்கம்போல் உலை வையுங்கள். கர்ப்பிணிப் பெண்ணுக்கு வேளை தவறாமல் சோறு போடுங்கள். சூரியனை மாத்திரம் வெறுங்கண்ணால் பார்க்க வேண்டாம். அது கண்ணைக் கெடுக்கும் என்பதற்காகவே யன்றிப் பாம்புக்குப் பயந்தல்ல.