கருந்திரையில் ஒரு சிவப்பு வரி

பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் நள்ளிரவு ஷிஃப்ட் பார்க்கும் பொறியாளர்கள் திரையில் ஓடும் லாக் வரிகளை ஒவ்வொன்றாகப் படிப்பதில்லை. பச்சை ஓடும்வரை கவலையில்லை. சிவப்பு வந்தால் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

அந்தச் சிவப்பு எழுத்தோடு எழுத்தாகவே வருகிறது. 27 என்ற எண்ணுக்குரிய 'எஸ்கேப்' குறி, ஒரு சதுர அடைப்புக்குறி, 31, கடைசியில் 'எம்'. இந்த வரிகளைக் காட்டும் திரையான டெர்மினல் இதை அச்சிடாது, கட்டளையாக எடுத்துக்கொள்ளும். 32 பச்சை, 33 மஞ்சள், 1 தடித்த எழுத்து. 0 வந்தால் எல்லாம் பழையபடி. 1978இல் வெளிவந்த விடி100 டெர்மினல் இம்முறையை உலகெங்கும் பரப்பியது. வியப்பு என்னவென்றால், அதில் நிறமே கிடையாது!

இந்தியாவும் இதே வழியில் ஒரு பெரிய காரியம் செய்தது. இந்திய எழுத்துகளுக்காக 1991இல் வந்த 'இஸ்கி' தரத்தில் 239 என்ற பைட், அடுத்து வரும் எழுத்துகளின் தோற்றத்தை மாற்றும். அதன்பின் 0 வந்தால் தடிப்பு, 1 வந்தால் சாய்வு, 2 வந்தால் அடிக்கோடு. 'டி' வந்தால் தமிழ், 'எச்' வந்தால் கன்னடம்! இஸ்கியில் அடங்கிய இந்திய எழுத்துமுறைகளுக்குப் பொதுவான எண்களே என்பதால், கன்னடத்தில் சேமித்த பெயரை அந்த ஒரு குறியை மாற்றித் தமிழில் காட்டிவிடலாம். இரு மொழியும் ஒரே தெருவில் புழங்கும் பெங்களூருவுக்கென்றே யோசித்ததுபோல் இருக்கிறது. அதே ஆண்டில் வந்த யூனிகோடு ஒவ்வொரு எழுத்துமுறைக்கும் தனி இடம் கொடுத்தது. தடிப்பையும் நிறத்தையும் தன் வேலையல்ல என்று ஒதுக்கியது. நிலைத்தது யூனிகோடு. ஆனாலும் இஸ்கியின் துணிச்சல் மறக்கத்தக்கதல்ல.

எழுத்துக்குள் கட்டளையை வைப்பதில் ஒரு தொல்லை உண்டு. வெளியீட்டைக் கோப்பில் சேமித்தால் அந்தக் குறிகளும் கூடவே போகும். பிறகு திறந்தால் வரிக்கு வரி அடைப்புக்குறியும் எண்ணும். நல்ல நிரல், எதிரே இருப்பது டெர்மினலா கோப்பா என்று முதலில் கேட்டுக்கொள்ளும். நிறமே வேண்டாம் என்பவர்களுக்காக 'நோ கலர்' என்ற சூழல் மாறியும் 2017 முதல் வழக்கில் இருக்கிறது. புதிதாகக் கருவி எழுதுபவர்கள் இவ்விரண்டையும் முதல் நாளிலேயே சேர்த்துவிட வேண்டும்.

இன்னொன்று இதைவிட முக்கியம். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத பார்வைக் குறைபாடு ஆண்களிடம் அதிகம்; காரணமான மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் இருக்கின்றன. ஆண்கள் நிறைந்த மென்பொருள் அலுவலகத்தில் இதை அலட்சியப்படுத்தக் கூடாது. நிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் 'கிட்' கருவி நிறத்தை மட்டும் நம்பாமல் இதில் சரியாக நடந்துகொள்கிறது: நீக்கிய வரியைச் சிவப்பாகக் காட்டும்போது முன்னால் கழித்தல் குறியும், சேர்த்த வரியைப் பச்சையாக்கும்போது கூட்டல் குறியும் போடுகிறது.